கேம் பெட்டிக்கு உறை போடுவதா, ஷோகேஸின் இடுக்கை அடைப்பதா?

சூப்பர் நின்டெண்டோ, நின்டெண்டோ 64 என்ற பழைய வீடியோ கேம் கன்சோல்களின் காலத்துக் கேம் பெட்டிகள் எல்லாம் மெல்லிய அட்டைதான். மேலே ஒரு பளபளப்புப் பூச்சு, அவ்வளவே. முனையிலும் மடிப்பிலும் அந்தப் பூச்சு முதலில் விட்டுப்போகும். விட்ட இடத்தில் அட்டையின் வெள்ளை எட்டிப் பார்க்கும். தூசி துடைக்கலாம் என்று மைக்ரோஃபைபர் துணியை எடுத்தால், அதன் இழை போய் மாட்டுவது சரியாக அந்த வெள்ளை முனையில்தான். இழுத்தால் கூடவே இன்னும் கொஞ்சம் அச்சு உரிந்து வரும். பெட்டியைத் தூசி பாதி கெடுக்கிறது என்றால் மீதியைத் துடைக்கிற கை கெடுக்கிறது. அதனால் எந்தக் காப்பை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: பெட்டியை நேராகத் தொட்டுத் துடைக்கும் வேலை எவ்வளவு குறையும்?

போட்டியில் இருப்பவை நான்கு: பெட்டிக்குப் பெட்டி போடும் பெட் (PET) பிளாஸ்டிக் உறை, அக்ரிலிக் கூண்டு, கண்ணாடிக் கதவு ஷோகேஸ், திறந்த அலமாரி. இருபது பெட்டிக்கு மேல் வைத்திருப்பவர்கள் ஷோகேஸின் இடுக்கை அடைப்பதில் முதலில் காசு போடுவது நல்லது. உறை அதற்குப் பிறகு. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏன் என்பதும் தெரிந்ததுதான்: உறை ஒவ்வொன்றாக வாங்கலாம், உடனே பளிச்சென்று தெரியும்.

பெட் உறை

தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பெட் பிளாஸ்டிக். தட்டையாக வரும், மடித்து நிறுத்த வேண்டும். 0.3 மி.மீ. முதல் 0.5 மி.மீ. வரை தடிமனில் கிடைக்கிறது. கேம் பாய் பெட்டி போன்ற சின்னதற்கு 0.3 போதும். பெரிய பெட்டிக்கு 0.3 போட்டால் தூக்கும்போது பக்கவாட்டுச் சுவர் உள்ளே அமுங்கும், 0.5 வாங்குங்கள்.

பிளாஸ்டிக்கின் பெயரைக் கேட்டு வாங்குவது முக்கியம். "அமிலமற்றது" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, அது காகிதத்துக்குச் சொல்கிற வார்த்தை. மெத்தென்ற பி.வி.சி. உறையில் இளக்குவதற்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் சில வருடங்களில் மேலே கசியும். உறை பிசுபிசுக்கும், அட்டையின் பளபளப்போடு ஒட்டிக்கொள்ளும், தூசியும் அதில் பசை போட்டதுபோல் நிற்கும். புது ரெக்ஸின் வாசனை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அளவு. அமெரிக்க சூப்பர் நின்டெண்டோ பெட்டியும் நின்டெண்டோ 64 பெட்டியும் ஒரே அளவு, ஒரே உறை இரண்டுக்கும் பொருந்தும். சூப்பர் நின்டெண்டோவின் ஜப்பானிய வடிவமான சூப்பர் ஃபேமிகாமின் பெட்டி வேறு அளவு, அதற்குத் தனி உறை. 2014-இல் வந்த நின்டெண்டோவின் அமீபோ பொம்மைகளுக்கு முன்பக்கக் குமிழ் துருத்திக்கொண்டிருப்பதால் அதற்கென்றே வெட்டிய உறை வேண்டும். பழைய பெட்டி நடுவில் உப்பியிருக்கும். எனவே ஆழத்தை ஓரத்தில் அளக்காமல் நடுவில் அளந்து, நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றிலும் மொத்தமாக 1 மி.மீ. தளர்வு வையுங்கள். இறுக்கினால் முனை நசுங்கும். மிகத் தளர்ந்தால் பெட்டி உள்ளே ஆடி ஆடித் தேயும்.

பெட்டி கீறுவது பெரும்பாலும் மாட்டும்போதுதான். சில உறைகளில் இரு பக்கமும் மெல்லிய காப்புப் படலம் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமலே மாட்டிவிட்டு "மங்கலாக இருக்கிறதே" என்பவர்கள் நிறைய. படலத்தை உரித்தபின் மடிப்புக் கோடுகளை ஒருமுறை 90 டிகிரிக்கு மடக்கி விடுங்கள். அடிப்பக்கத்தைப் பூட்டிவிட்டுப் பெட்டியை இறக்குங்கள். கடைசியில் மேல்மூடியின் நாக்கை உள்ளே செருகுவோமே, அந்த இடத்தில்தான் ஆபத்து. நாக்கின் வெட்டு விளிம்பு கத்திபோல் இருக்கும். பெட்டியின் மேல்விளிம்பில் நேர்கோடாக ஒரு கீறல் போட்டுவிடும். சாதாரண ஏ4 தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, நாக்குக்கும் பெட்டிக்கும் நடுவே வைத்துச் செருகிவிட்டு, தாளை மேலே உருவி எடுத்துவிடுங்கள். கீறல் விழாது.

இனி குறை. உறை காற்றுப் புகாதது அல்ல, செருகின இடுக்கில் நுண்தூசி போகும். அது பெரிதல்ல. பெரிய தொல்லை, தூசி இப்போது உறையின் மேல் உட்காரும், பெட்டியில் இருந்ததைவிட எடுப்பாகத் தெரியும். உலர்ந்த துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, துடைத்த மறுநாளே மறுபடி இழுத்துக்கொள்ளும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, நன்றாகப் பிழிந்த துணி, அதுதான் சரி. பெட்டி பத்திரம், ஆனால் வேலை குறையவில்லை: நாற்பது உறை என்றால் நாற்பது மேல்புறம். கை படுவதிலிருந்தும் உரசலிலிருந்தும் காப்பதில் இதை மிஞ்ச வேறில்லை. தூசிக்கு மட்டும் என்று வாங்கினால் ஏமாற்றமே.

அக்ரிலிக் கூண்டு

பார்க்க அழகு, எடை அதிகம். வெளி அளவு 40 × 30 × 15 செ.மீ. உள்ள கன்சோல் பெட்டிக் கூண்டைக் கணக்குப் போட்டால் ஆறு பக்கமும் சேர்ந்து 4,500 சதுர செ.மீ. 5 மி.மீ. தகட்டில் கிட்டத்தட்ட 2.7 கிலோ வரும், 3 மி.மீ. என்றால் 1.6 கிலோ. நான்கை வரிசையாக வைத்தால் துகள்பலகைத் தட்டு நடுவில் தொய்யும். 3 மி.மீ. எடுத்து, மேலே எதையும் அடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

உள்ளூர் அக்ரிலிக் கடையில் செய்யச் சொல்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பலகைகளைக் குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான் விட்டுத்தான் ஒட்டுவார்கள். வந்த அன்றே பெட்டியை உள்ளே வைத்து மூடினால் அந்த ஆவி உள்ளேயே தங்கும். மூக்கை வைத்தால் வாசனை துளியும் வரக்கூடாது. அதுவரை ஒரு வாரமாவது திறந்து வையுங்கள்.

ஆல்கஹாலும் அமோனியா கலந்த கண்ணாடிக் கிளீனரும் அக்ரிலிக்குக்கு எதிரி. வெட்டிய, ஒட்டிய விளிம்புகளில் நூல்நூலாக வெடிப்பு ஓடும், பிறகு அதை எதனாலும் சரிசெய்ய முடியாது. கண்ணாடி துடைத்த அதே ஸ்பிரேயைப் பழக்கதோஷத்தில் இதிலும் அடித்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

சீல் பிரிக்காத ஒரு கேம், ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு கன்சோல் பெட்டி, இப்படி இரண்டு மூன்று முக்கியமானவற்றுக்கு அக்ரிலிக் சரி. மொத்தத் தொகுப்புக்கும் என்றால் பணம் வீண்.

இடையில் ஒரு வார்த்தை: வெப்பத்தில் சுருங்கும் பிளாஸ்டிக் தாளைப் பெட்டியில் சுற்றி ஹேர் டிரையர் காட்டும் யோசனை எங்கே கேட்டாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சுருங்கும் இழுப்பில் பெட்டியின் வாய் உள்ளே வளையும். போதாததற்கு, விற்கப் போகும்போது "பிரித்துவிட்டு மறுபடி சீல் போட்டதோ" என்ற சந்தேகத்தையும் நீங்களே ஒட்டி அனுப்புகிறீர்கள்.

ஷோகேஸ்

சேகரிப்பாளர்களிடையே பெயர்போனது ஐக்கியாவின் டெட்டோல்ஃப்: 43 செ.மீ. அகலம், 163 செ.மீ. உயரம், நான்கு பக்கமும் கண்ணாடி. இப்போது தயாரிப்பு நின்றுவிட்டது, பழையது கைமாறிக்கொண்டிருக்கிறது. கதவோரத்தில் அது விடும் சந்து அந்த மாடலுக்கு மட்டும் உரியதல்ல. கதவு உரசாமல் திறக்க எல்லாக் கண்ணாடி ஷோகேஸிலும் கொஞ்சம் இடம் விட்டே ஆகவேண்டும். நம் வீட்டுச் சுவர் ஷோகேஸில் இரண்டு கண்ணாடி ஒன்றன்மேல் ஒன்று நகரும். நடுவில் அவை மேற்படியும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே திறப்பு. சீலிங் ஃபேன் ஓடுகிற அறையில் அந்த ஒரு கோடு போதும்.

அடைப்பதற்கு அலுமினிய ஜன்னல் சாமான் விற்கும் கடையில் வுல் பைல் என்று கேளுங்கள். நகரும் ஜன்னலில் ஓடும் பிரஷ் பட்டைதான், பின்னால் பசையுள்ளதாக வாங்க வேண்டும். இடைவெளியை அளக்க ஸ்கேல் உள்ளே போகாது. சாதாரண ஏ4 தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன், தாளை மடித்து மடித்து, லேசான பிடிப்போடு நுழையும்வரை சேர்த்துக்கொண்டே போங்கள். முப்பது அடுக்கு என்றால் 3 மி.மீ. பிரஷின் உயரம் அதைவிட 1 முதல் 1.5 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். அதற்கு மேல் போனால் கதவு சாத்தாது, பசை பிய்ந்துகொண்டு வரும். ஒட்டும் இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு (கண்ணாடிக்கு இது தாராளமாக ஆகும்) ஒட்டுங்கள். பசை பிடிக்க ஒரு நாள் கதவைத் தொடாதீர்கள்.

மலிவான மஞ்சள் ஸ்பாஞ்ச் டேப் வேண்டாம். அது சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிர்ந்து, தானே தூசியாகிவிடும். ஸ்பாஞ்ச்தான் வேண்டும் என்றால் இ.பி.டி.எம். (EPDM) என்ற வகை ரப்பர். நிலையான இடுக்குக்கு சிலிக்கான் விடுவதாக இருந்தால் வினிகர் வாசனை வராத நியூட்ரல் வகை. வினிகர் வாசனை என்பது அசிட்டிக் அமிலம், மூடிய பெட்டிக்குள் அட்டைக்கு அது ஆகாது.

கதவை அடைத்துவிட்டுப் பின்பக்கத்தை மறப்பவர்கள்தான் அதிகம். ஆணி அடித்த பின்பலகையின் நான்கு ஓரமும் தூசிக்கு வாசல். வெளிப்பக்கமாக அலுமினிய டேப் ஒட்டிவிடுங்கள். ஒயர் போகும் துளையை ரப்பர் வைத்து அடையுங்கள்.

உள்ளே எல்.இ.டி. பட்டை போட்டிருந்தால் இன்னொரு விஷயம். விளக்கு எரியும்போது உள்காற்று சூடாகி விரிந்து இடுக்கு வழியே வெளியேறும். அணைத்ததும் குளிர்ந்து அறைக் காற்றை உள்ளே இழுக்கும், தூசியோடு. ஷோகேஸ் தினம் ஒருமுறை மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டைக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவரை வெளியே வைத்தால் சூடு கொஞ்சம் குறையும். கம்ப்யூட்டர் கேபினெட்டில் செய்வதுபோல் ஃபில்டர் வைத்த சின்ன ஃபேனால் காற்றை உள்ளே தள்ளி, இடுக்குகள் வழியே வெளிப்பக்கமாகவே ஓட வைக்கிறவர்களும் உண்டு. தூசிக்கு அது நன்றாக வேலை செய்யும். ஆனால் அறையின் ஈரத்தை நாள் முழுக்க உள்ளே ஏற்றும் யந்திரமும் அதுவே.

வெயிலுக்குக் கண்ணாடியை நம்ப வேண்டாம். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் நிறுத்தும். ஜன்னலுக்கு எதிரே வைத்தால் பெட்டியின் முதுகில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறி, நீலம் மட்டும் மிஞ்சும்.

அடைத்தபின் வரும் ஈரம்

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மாதிரி ஊர்களில் இதை யோசிக்காமல் அடைக்கக்கூடாது. ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் அட்டையில் பூஞ்சை பிடிக்கும். ஜிப் பையில் பெட்டியைப் போட்டு மூடி வைப்பதும் இதனால்தான் தப்பு: மழைக்கால ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதாகும்.

டெட்டோல்ஃப் அளவு ஷோகேஸின் உள்ளே சுமார் 0.25 கனமீட்டர் காற்று. 30 டிகிரியில் 80 சதவீத ஈரத்தில் அதில் இருக்கும் நீராவி 6 கிராம்தான். 50 சதவீதத்துக்கு இறக்க 2.3 கிராம் எடுத்தால் போதும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அட்டைகள் குடித்து வைத்திருக்கும் ஈரம் அதைவிடப் பல மடங்கு, இடுக்கு வழியே வருவது இன்னும் மேல். செருப்புப் பெட்டியில் வந்த, ஈரம் உறிஞ்சும் சின்னச் சின்ன சிலிக்கா பொட்டலங்கள் ஒரே நாளில் நிரம்பிப் போவது இதனால்தான். இடுக்கை அடைத்தபின், நிறம் மாறும் ஆரஞ்சு சிலிக்கா ஜெல் அரை கிலோ, துளையுள்ள டப்பாவில், கீழ்த்தட்டில். பக்கத்தில் ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். நிறம் மாறியதும் 110, 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காய வைத்தால் மறுபடி பயன்படும். 45 முதல் 55 வரை நின்றால் நிம்மதி. 40-க்குக் கீழே இறக்கினால் அட்டை வறண்டு வளையும்.

திறந்த அலமாரியே கதி என்றால்

பெட்டிகளை முதுகு தெரியச் செங்குத்தாக, ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துங்கள். வரிசையின் நீளத்துக்கு 0.5 மி.மீ. பெட் தாள் ஒன்றை வெட்டி மேலே தொப்பிபோல் வையுங்கள். மேல்விளிம்பில் விழும் தூசி முழுவதும் தாளில்தான் விழும். வாரம் ஒருமுறை அதை மட்டும் எடுத்துக் கழுவினால் போதும். இவ்வளவு மலிவாக இவ்வளவு வேலையைக் குறைப்பது வேறெதுவுமில்லை, ஆனாலும் செய்பவர்கள் குறைவு. முன்பக்கத் தூசிக்குக் கேமரா லென்ஸ் ஊதும் ரப்பர் பல்ப், பிறகு மென்மையான மேக்கப் பிரஷ், மேலிருந்து கீழாக. சமையலறைப் புகையோ சாம்பிராணிப் புகையோ வரும் அறையில் மட்டும் இது பலிக்காது. எண்ணெய்ப் பசையோடு படிந்த தூசி பிரஷுக்கு அசையாது, தேய்த்தால் அச்சோடுதான் வரும். அந்த வீட்டில் கதவுள்ள ஷோகேஸைத் தவிர வேறு வழியில்லை.

அடைப்பு பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கறுப்புப் பளபளப்பு அட்டையை இரண்டு துண்டாக வெட்டுங்கள். ஒன்றை ஷோகேஸின் நடுத்தட்டில், மற்றொன்றை ஷோகேஸின் தலைமேல் வைத்து இரண்டு வாரம் விடுங்கள். பிறகு விளக்கை அணைத்து, போன் டார்ச்சை அட்டையோடு அட்டையாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள். உள்ளே வைத்த துண்டிலும் வெள்ளைப் பொட்டுகள் நெருக்கமாகத் தெரிந்தால், முதலில் பின்பலகை ஓரத்தையும் ஒயர் துளையையும் சரிபாருங்கள்.