சான் சல்வடோரில் ரொமேரோ மையம்: அவசியம் போக வேண்டிய அருங்காட்சியகம்

ஏழைகளின் விடுதலையை முன்வைக்கும் கிறிஸ்தவச் சிந்தனையான விடுதலை இறையியலை வகுப்பில் நடத்துபவள் நான். எல் சால்வடோர் தலைநகரில், மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகத்தில், 1980-இல் சுட்டுக் கொல்லப்பட்ட பேராயர் ரொமேரோவின் பெயரில் உள்ள இந்தச் சின்ன அருங்காட்சியகத்தை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏழைகளின் பக்கம் நின்று, உள்நாட்டுப் போரைப் பேசித் தீர்க்கச் சொன்ன ஆறு இயேசு சபைக் குருக்களை 1989 நவம்பர் 16 அன்று ராணுவம் சுட்டுக் கொன்றது. அவர்கள் உடுத்தியிருந்த துணிகள் இங்கே இருக்கின்றன. ஜெர்மன் இறையியலாளர் மோல்ட்மன் எழுதிய, ரத்தம் ஊறிய நூலின் முன்னால் வெகுநேரம் நின்றேன். சமையல் வேலை பார்த்த எல்பாவும் மகள் செலினாவும் அதே இரவில் கொல்லப்பட்டார்கள். அவர்களையும் மறக்காமல் நினைவுகூர்வது எனக்கு ரொம்பப் பிடித்தது. வெளியே இருக்கும் ரோஜாத் தோட்டம் எல்பாவின் கணவர் வைத்தது. ஸ்பானிய மொழி தெரிந்தவரோடு போங்கள். அப்புறம், புகைப்பட ஆல்பங்களைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். உடல்கள் கிடந்த கோலம் அப்படியே இருக்கிறது.