"இடது கைத் தசை கரைகிறது" என்று சொல்லி 3,880 வெள்ளி வாங்கிவிட்டார்கள், கவனம்

சிங்கப்பூர் தேக்கா மாடியில் ஒரு தையல் கடை. மைத்துனர் கல்யாணத்துக்குச் சட்டை தைக்கப் போயிருந்தேன். அளவெடுத்த அண்ணன், "வலது கை அரை அங்குலம் கூட இருக்கு தம்பி, அதுக்கேத்த மாதிரி வெட்டிடறேன்" என்றார். எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்வதைத்தான் என்னிடமும் சொன்னார். எனக்கு மட்டும் அது மனதில் தைத்துவிட்டது.

அன்று இரவே மனைவியின் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். மேல்கை, முன்கை, கெண்டைக்கால் என்று எங்கே அளந்தாலும் இடது பக்கம் சின்னது. கெண்டைக்காலில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தது. நாடாவைக் கொஞ்சம் கீழே இறக்கினால் ஒன்றரை. அளக்கும் இடம் மாறினால் கணக்கும் மாறும் என்பது அப்போது உறைக்கவில்லை. கைப்பேசியில் தேடினேன், நேராக ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயில் கொண்டுபோய் விட்டது. ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு 21 வயதில் கண்டுபிடித்த நோய். எனக்கு 39, பிள்ளைகள் இருவரும் தொடக்கப்பள்ளியில் படிக்கிறார்கள். அப்புறம் தூக்கம் எங்கே வரும்? நடு ராத்திரியில் சமையலறையில் ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை எத்தனை முறை தூக்க முடிகிறது என்று எண்ணுவேன். மறுநாள் கால் வலிக்கும். அந்த வலியையும் நோயின் கணக்கில் சேர்த்துக்கொள்வேன்.

இந்த நிலைமையில்தான் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு வெளியே மேசை போட்டு, "இலவசத் தசைப் பரிசோதனை" என்று துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். மறு சனிக்கிழமையே கடைத்தொகுதியில் இருந்த அவர்களுடைய நிலையத்துக்குப் போய்விட்டேன்.

செருப்பைக் கழற்றி ஓர் இயந்திரத்தின் மேல் ஏறி, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். தாள் வந்தது. அதில் மனித உருவத்தின் இடது கை மட்டும் சிவப்பாக இருந்தது. வெள்ளை கோட் போட்ட பெண் சிவப்புப் பேனாவால் அதையே மறுபடியும் சுற்றி வட்டம் போட்டார். "இடது பக்கம் தசை கரைய ஆரம்பிச்சிருக்கு சார். ஆறு மாசம் விட்டீங்கன்னா திரும்ப வராது." என் கை நடுங்கியது. "பாருங்க, நடுக்கமும் இருக்கு" என்றார். பயந்தவன் கை நடுங்காமல் என்ன செய்யும்! அந்த ஒரு வார்த்தையை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மின்தூண்டல் சிகிச்சை 20 முறை, 3,880 வெள்ளி. இன்றே கட்டினால்தான் இந்த விலை என்றார்கள். கடன் அட்டையைக் கொடுத்துவிட்டேன், மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஆறு முறை போனேன். ஆறாவது முறை, வேலை முடிந்து வியர்வையோடு போன அன்று மறுபடி இயந்திரத்தில் நிறுத்தினார்கள். இப்போது வலது கையும் குறைந்திருந்தது! "அப்போ இன்னும் 10 முறை சேர்த்துக்கலாம்" என்றார் அதே பெண். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "ஏங்க, இதுவரைக்கும் ஒரு டாக்டர்கிட்டயாவது காட்டினீங்களா?" என்று கேட்டாள். காட்டவில்லை.

அரசாங்க மருந்தகமான பாலிகிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர் அளவு நாடாவைத் தொடவே இல்லை. குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார். குந்தி உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழச் சொன்னார். என் கையைத் தன் கையால் அழுத்தி, எதிர்த்துத் தள்ளச் சொன்னார். சுத்தியலால் முழங்காலில் தட்டினார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். சட்டைப் பொத்தான் போடச் சிரமமா, சாவியைத் திருப்ப முடிகிறதா, படியில் கால் தடுக்குகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை, முடிகிறது என்றே சொன்னேன். பிறகு, "என்ன விளையாடுவீங்க?" என்றார். சமூக மன்றத்தில் 12 வருடமாகப் பூப்பந்து, வலது கையால்.

அப்போதுதான் விளக்கினார். வலக்கைக்காரர்களுக்கு வலது கைப்பிடி ஏறத்தாழ 10 விழுக்காடு பலமாக இருப்பது சகஜமாம், இடக்கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் சமமாகவே இருக்குமாம். யாருக்கும் இரண்டு பக்கமும் அச்சடித்தது போல இருப்பதில்லை. ஏஎல்எஸ் நோயில் முதலில் தெரிவது செய்ய முடிந்த வேலை செய்ய முடியாமல் போவது, பலவீனமாக இருப்பது போன்ற உணர்வு மட்டும் அல்ல. அந்த இயந்திரம் தசையை நேராகப் பார்ப்பதும் இல்லை. உடம்பில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, கிடைக்கும் தடையை வைத்துக் கணக்குப் போடுகிறது. தண்ணீர் குடித்தாலும் சாப்பிட்டாலும் வியர்த்தாலும் எண் மாறும். அதை வைத்து நோய் இருக்கிறது என்று சொல்லவே முடியாது.

உடம்பில் மாற்றம் தெரிந்தால் பேசாமல் இருங்கள் என்று நான் சொல்லவில்லை. கால் பாதம் தொங்கினால், பேச்சு குழறினால், விழுங்கச் சிரமப்பட்டால், தசை கண்ணெதிரே மெலிந்துகொண்டே வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். திடீரென்று ஒரு பக்கம் செயலிழந்தால் ஆம்புலன்ஸுக்கு 995. உண்மையிலேயே எனக்கு அப்படி ஒரு நோய் இருந்திருந்தால், இந்த நிலையத்தில் போன ஆறு வாரம் எவ்வளவு பெரிய இழப்பு!

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள். பணம் திரும்பத் தரப்படாது என்று பொடி எழுத்தில் இருந்தது. பயனீட்டாளர் சங்கமான கேஸ் தரும் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் உள்ள ஸ்பா, வெல்னஸ் நிலையங்களில் 5 நாள் யோசிக்க அவகாசம் உண்டு. இவர்களுக்கு அந்த அங்கீகாரமே இல்லை. கேஸில் புகார் கொடுத்தேன். 20,000 வெள்ளி வரை, சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலுக்கும் போகலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அதுவரை போகாமலே, மீதி 14 முறைக்காக 1,900 வெள்ளி தந்தார்கள். கணக்குப்படி 2,716 வர வேண்டும்.

அந்தப் பெண் தன்னை பிசியோதெரபிஸ்ட் என்றார். பிசியோதெரபிஸ்ட்டுகளைப் பதிவு செய்யும் அலைட் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சிலின் பதிவேட்டில் யாரும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். நான் தாமதமாகத் தேடினேன், அவர் பெயர் இல்லை. நீங்கள் பணம் கட்டும் முன்பே தேடுங்கள். இப்போது உங்கள் கையில் சிவப்பு வட்டம் போட்ட தாள் இருந்தால், கட்டுவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பாலிகிளினிக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தால் நானே கூட வருகிறேன்.