ஏற்காட்டுக் காற்றும் 48 வோல்ட் பேட்டரியும்: ஒரு வீட்டுக் காற்றாலையின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டுக் காற்றாலை வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பெயர்ப்பலகையில் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறது என்பதைத்தான். அதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு: நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றினால் எத்தனை வோல்ட் வரும்? அந்த எண் பேட்டரியோடு பொருந்தாவிட்டால் 1000 வாட் காற்றாலையிலிருந்து 200 வாட் எடுப்பதே பெரும்பாடு.

இங்கே எழுதுவது 2.4 மீட்டர் விட்டமுள்ள, மூன்று இறக்கை, நிலைக்காந்த ஆல்டர்னேட்டர் (சுற்றும்போது ஏசி மின்சாரம் தரும் பாகம்) உள்ள காற்றாலையைப் பற்றி. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வீடு ஒன்றில் முதலில் 24 வோல்ட் பேட்டரியோடும், பிறகு 48 வோல்ட்டுக்கு மாற்றியும் பல ஆடிக்காற்றுகளைக் கடந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

அடிப்படை எளிது. சுற்று கூடக் கூட ஆல்டர்னேட்டரின் வோல்ட் அதே விகிதத்தில் கூடும். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் தாண்டி வரும் வோல்ட் பேட்டரியின் வோல்ட்டைத் தொடும்வரை ஒரு ஆம்பியர்கூட ஓடாது, இறக்கை சும்மா சுற்றும். தொட்ட பிறகு பேட்டரி வோல்ட்டைப் பிடித்து நிறுத்திவிடும். காற்று எவ்வளவு தள்ளினாலும் அது ஆம்பியராகத்தான் போகும், சுற்று அதிகம் ஏறாது. அதாவது இறக்கைக்கு பிரேக் போடுவதே பேட்டரிதான். அந்த பிரேக் எந்தச் சுற்றில் பிடிக்கத் தொடங்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

2.4 மீட்டர் இறக்கையின் நுனி ஒரு சுற்றில் 7.54 மீட்டர் ஓடுகிறது. நல்ல இறக்கையின் நுனி காற்றைப்போல் 6 அல்லது 7 மடங்கு வேகத்தில் ஓடினால்தான் முழுச் சக்தியை எடுக்கும். காற்று நொடிக்கு 3 மீட்டர் வீசும்போது, 7 மடங்கு என்றால் நுனி வேகம் நொடிக்கு 21 மீட்டர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 167 சுற்று. 48 வோல்ட் பேட்டரி அந்தச் சுற்றில் சார்ஜ் ஏறத் தொடங்க வேண்டும் என்றால் ரெக்டிஃபையருக்குப் பின் 50 வோல்ட் வேண்டும். ரெக்டிஃபையரின் இரண்டு டயோடுகளில் போகும் 1.4 வோல்ட்டைச் சேர்த்து 1.4-ஆல் வகுத்தால் (ஏசியின் உச்சம் மீட்டர் காட்டுவதைப்போல் 1.4 மடங்கு), இரண்டு ஃபேஸுக்கு, அதாவது ஆல்டர்னேட்டரின் மூன்று வயர்களில் இரண்டுக்கு, இடையே சுமார் 37 வோல்ட் ஏசி. 100 சுற்றுக்கு 22 வோல்ட். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய எண் இதுதான்.

அவருக்குத் தெரியாவிட்டால் கையாலேயே சோதிக்கலாம். மூன்று ஃபேஸ் பிரிட்ஜ் ரெக்டிஃபையரை மாட்டி, டிசி பக்கம் 470 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் கப்பாசிட்டர் ஒன்றை வைத்து, நொடிக்கு ஒரு சுற்று வீதம் நிதானமாகச் சுற்றுங்கள். மீட்டர் 17 முதல் 18 வோல்ட் வரை காட்டினால் கணக்கு சரி. ஏசியை நேரடியாக அளக்க வேண்டாம். அவ்வளவு மெதுவான சுற்றில் ஃப்ரீக்வென்சி மிகக் குறைவு, சாதாரண மல்டிமீட்டர்கள் பல தவறாகக் காட்டும்.

தொடக்கச் சுற்று (சார்ஜ் ஏறத் தொடங்கும் சுற்று) பொருந்துவதோடு பிரச்சினை முடிவதில்லை. காற்று 3 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்குப் போனால் இறக்கை மூன்று மடங்கு வேகமாகச் சுற்ற விரும்பும். ஆல்டர்னேட்டரும் 150 வோல்ட்டுக்கு மேல் தரத் தயாராக இருக்கும். பேட்டரியோ 50-லிருந்து 57 வரைதான் நகரும். அந்த வித்தியாசம் எங்காவது இறங்கியாக வேண்டும். ஆல்டர்னேட்டரும் வயரும் தடித்த செம்பாக இருந்து எங்கும் இறங்க வழியில்லை என்றால் இறக்கை திணறும். வெளியே காற்று கொட்டுகிறது, இறக்கை மந்தமாக, தடதடவென்ற கனத்த சத்தத்தோடு சுற்றுகிறது, ஆம்பியர் 5-ஐத் தாண்டவில்லை: இதுதான் அடையாளம். இதற்கு நேரெதிர் கோளாறு, இளங்காற்றில் இறக்கை விர்ரென்று சுற்றியும் மீட்டரில் சைபர் காட்டுவது. அது தொடக்கச் சுற்று மிக அதிகம் என்பதைக் காட்டும்.

திணறலுக்கு நல்ல வைத்தியம், ஒவ்வொரு ஃபேஸிலும் 0.5 முதல் 1 ஓம் வரை கனத்த வயர்வவுண்ட் ரெசிஸ்டரைத் தொடராகப் போடுவது. சக்தியை வீணாக்குவதுபோலத் தோன்றும். ஆனால் இறக்கை விடுபட்டு வேகமெடுப்பதால் பலமான காற்றில் பேட்டரிக்குப் போவது கூடவே செய்யும். சூடும் ஸ்டேட்டர் (ஆல்டர்னேட்டரின் சுற்றாத பகுதி) காயிலுக்குள் தேங்காமல் வெளியே போகும், காயில் எரிவது குறையும். தட்டுக் காந்த வகை ஆல்டர்னேட்டராக இருந்தால், வாஷர் வைத்துக் காந்தத் தட்டுகளின் இடைவெளியைச் சற்றுக் கூட்டினாலும் தொடக்கச் சுற்று ஏறும், திணறல் குறையும். ஒரு நேரத்தில் 1 மில்லிமீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள்.

24-லிருந்து 48-க்கு மாற்ற இந்தக் காற்றாலையில் காயிலைத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கவில்லை. காயில்களின் ஆறு வயர்களும் வெளியே வந்திருந்தால், முக்கோணமாக இணைக்கும் டெல்டாவை, ஒரு முனையில் ஒன்றுசேர்க்கும் ஸ்டாராக மாற்றினால் போதும். வோல்ட் 1.73 மடங்காகும். தேவை 2 மடங்கு, கிடைப்பது 1.73. அதனால் தொடக்கச் சுற்று 150-லிருந்து 170 பக்கம் ஏறும். அந்த ஏற்றமே திணறலைக் குறைப்பதால் இது லாபம்தான். டெல்டாவுக்குள்ளேயே சுற்றி ஓடும் வீண் கரண்டும் ஸ்டாரில் இல்லை. மூன்று வயர் மட்டும் வந்திருந்தால் சேலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடைக்குத்தான் போக வேண்டும். சுற்றுகள் இரண்டு மடங்கு, கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு பாதி என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

மாற்றத்தின் பெரிய பலன் வயரில்தான் தெரிந்தது. கம்பத்திலிருந்து பேட்டரி அறைக்கு 60 மீட்டர். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் போகவர 0.35 ஓம். 24 வோல்ட்டில் 26 ஆம்பியர் ஓடினால் 237 வாட் வயரிலேயே போய்விடும். 48-இல் 13 ஆம்பியர், இழப்பு 59 வாட். ரெக்டிஃபையரைக் கம்பத்தடியில் வைக்காமல் பேட்டரி அறையில் வையுங்கள். ஒரே தடிமனுள்ள மூன்று ஏசி வயர்களில் ஆகும் இழப்பும் இரண்டு டிசி வயர்களில் ஆகும் இழப்பும் சமம்தான். கூடவே, மூன்று ஃபேஸையும் ஷார்ட் செய்யும் பிரேக் சுவிட்சும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அந்த சுவிட்சைக் காற்று சற்று அடங்கும் நேரம் பார்த்துப் போட வேண்டும். சூறைக்காற்றின் நடுவில் போட்டால் இறக்கை நிற்காமல் காயில் வெந்துபோகலாம்.

இனி, அதிகம் பேர் பணத்தை இழக்கும் இடம். சோலார் சார்ஜ் கண்ட்ரோலரை காற்றாலைக்கு மாட்டவே கூடாது. பேட்டரி நிறைந்ததும் சோலார் கண்ட்ரோலர் இணைப்பைத் துண்டிக்கும். பேனலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. காற்றாலைக்கோ பிரேக் அறுந்த மாதிரி. சுமையில்லாமல் 800 சுற்றுக்குப் போனால் 250 வோல்ட் வரும், 150 வோல்ட் தாங்கும் எம்.பி.பி.டி (சோலார் கண்ட்ரோலரில் ஒரு வகை) அங்கேயே முடிந்தது. காற்றாலைக்கென்று தனி முறை உள்ள கண்ட்ரோலர் வேண்டும், அல்லது மிச்ச மின்சாரத்தை எரித்துத் தள்ளும் டம்ப் லோடு வேண்டும். இங்கே ஓடுவது டம்ப் லோடு. 57.6 வோல்ட்டில் 800 வாட் எரிக்க 4 ஓம்முக்குச் சற்று மேல் தேவை. வீட்டில் கிடக்கும் 2000 வாட் கெய்சர் காயில் ஒன்று போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் ரெசிஸ்டன்ஸ் 26 ஓம். 57.6 வோல்ட்டில் அது 125 வாட்தான் எரிக்கும். அதே மாதிரி ஏழு காயிலை இணையாகப் போட்டால்தான் காற்றாலையைப் பிடிக்கும்.

டம்ப் தொடங்கும் வோல்ட்டை வைப்பதில் இன்னொரு பொறி. இன்வெர்ட்டர் ஈ.பி. கரண்டில் பேட்டரியை 57.6 வரை ஏற்றும்படி இருந்து, டம்ப் 56.8-இல் தொடங்கினால், ஈ.பி. கரண்டையே வாங்கி இரவெல்லாம் ஹீட்டரில் எரித்துக்கொண்டிருக்கும். 10 ஆம்பியர் சார்ஜ் என்றால் எட்டு மணி நேரத்தில் நாலரை யூனிட். பில் ஏறியபிறகுதான் தெரியவரும். இன்வெர்ட்டரின் சார்ஜ் வோல்ட்டை டம்ப்பைவிட ஒரு வோல்ட்டாவது கீழே வையுங்கள்.

டியூபுலர் (லெட்-ஆசிட்) பேட்டரிக்கு 57.6 என்பது 25 டிகிரிக்கான கணக்கு. செல்லுக்கு, டிகிரிக்கு சுமார் 4 மில்லிவோல்ட் வீதம் மாறும். மார்கழியில் ஏற்காட்டில் பேட்டரி 15 டிகிரிக்கு இறங்கினால் 24 செல்லுக்குமாக ஒரு வோல்ட் கூட்ட வேண்டும். அதே பேட்டரி சேலத்தில் சித்திரை வெயிலில் 37 டிகிரியில் இருந்தால் ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைக்க வேண்டும். கீழே செட் செய்து கொடுத்ததை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் குளிர்காலம் முழுவதும் பேட்டரி அரைகுறையாகவே நிறையும், தகட்டில் சல்பேட் படியும்.

லித்தியம் பேட்டரியில் கவலை வேறு. 16 செல் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியில் செல் ஒன்று 3.65 வோல்ட்டைத் தொட்டதும், பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் சார்ஜை வெட்டிவிடும். அந்த நொடியில் காற்றாலை சுமையிழந்து, ஏறும் வோல்ட் இன்வெர்ட்டரின் தலையில் விழும். டம்ப்பை 56 வோல்ட்டிலேயே தொடங்க வையுங்கள். டம்ப்பின் இணைப்பு பேட்டரி ஃப்யூஸுக்குக் காற்றாலைப் பக்கம், ரெக்டிஃபையரை ஒட்டியே இருக்கட்டும். அதற்கும் மேல் 64 வோல்ட்டில் ஃபேஸ்களை ஷார்ட் செய்யும் கான்டாக்டர் ஒன்று இருந்தால் நிம்மதி.

விளைச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. 5 மீட்டர் காற்றில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது 85 வாட், 4 மீட்டரில் பாதிதான். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் தலைக்கு மேல் 9, 10 மீட்டர் உயரம் கம்பம் போகாவிட்டால் அதுவும் கிடைக்காது. சேலம் நகரத்து மொட்டை மாடிக்கு இதை நாங்கள் சொல்லமாட்டோம், அங்கே சோலாரே போதும்.

கோடை இடிமழைக்கு முன் எர்த்தைச் சோதித்துவிடுங்கள். சேர்வராயன் மலையின் சார்னகைட் பாறைமேல் மண் ஆழமில்லாத இடங்களில் ஒரே குழி போதாது. கம்பத்துக்கும் ஒவ்வொரு ஸ்டே கம்பிக்கும் தனித்தனியாக எர்த் கொடுத்து, எல்லாவற்றையும் செம்புப் பட்டையால் இணைத்து, பேட்டரி அறைக்குள் நுழையும் மூன்று ஃபேஸிலும், மின்னலால் பாயும் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர் போட வேண்டும்.