குற்றவியல் டிப்ளமோவில் சேரப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு இந்த வருடமும் அந்த விளம்பரங்கள் கிளம்பிவிட்டன. காக்கிச் சட்டை, பூதக்கண்ணாடி, மஞ்சள் நாடா, கீழே கொட்டை எழுத்தில் "குற்றவியல் மற்றும் தடயவியல், மூன்று ஆண்டு, நூறு சதவீத அரசு வேலைவாய்ப்பு". அப்படி ஒரு நிறுவனத்தில் இரண்டாம் ஆண்டு வரை படித்துவிட்டு வெளியே வந்தவள் நான். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதுவும் போக, இதே வியாபாரத்தை வேறு பலரும் வேறு பலகைகளை மாட்டி நடத்துகிறார்கள். பேச்சு மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அட்மிஷன் அறையில் சொல்வதில் பாதி நிஜமாகவே இருக்கும். எங்களுக்குக் 'கவுன்சிலர்' என்று அறிமுகமானவர், அப்பாவிடம் ஒரு செய்தித்தாள் நறுக்கைக் காட்டினார். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டன, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. "எத்தனை ஸ்டேஷன் இருக்கு, எத்தனை கேஸ் வருது, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க சார். ஆள் கிடைக்காம கவர்ன்மென்ட் திண்டாடுது. உங்க பொண்ணு படிச்சு முடிக்கும்போது வேலை வாசல்ல வந்து நிக்கும்."

சட்டத்தில் அப்படி இருப்பது உண்மைதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-வது பிரிவு, மூன்றாவது உட்பிரிவு. அதே உட்பிரிவில், இதை எப்போதிலிருந்து நடைமுறைப்படுத்துவது என்று மாநில அரசு ஐந்து ஆண்டுகளுக்குள் அறிவித்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. அந்த வரியை அவர் வாசிக்கவில்லை. வரப்போகிற நிபுணர் என்ன படித்திருக்க வேண்டும் என்று அந்த உட்பிரிவு எதுவும் சொல்வதும் இல்லை. அதைச் சொல்வது அந்தந்தத் துறையின் பணி விதிகளும், ஆள் எடுக்கும்போது வெளியிடும் அறிவிப்பும். எங்கள் டிப்ளமோ அங்கேதான் காணாமல் போகிறது.

ப்ராஸ்பெக்டஸின் நடுப்பக்கத்தில் எஸ்.ஐ., சி.பி.ஐ. அதிகாரி, தடயவியல் விஞ்ஞானி, அரசு வழக்கறிஞர், தனியார் துப்பறிவாளர் என்று வரிசையாகப் படம் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

எஸ்.ஐ. வேலைக்குத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் கேட்பது, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு பட்டம், அதுவும் பத்து, ப்ளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் படித்தது. பி.காம். படித்தவரும் எழுதலாம், தமிழ் இலக்கியம் படித்தவரும் எழுதலாம். இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பே போதும். சி.பி.ஐ.யில் எஸ்.ஐ. ஆக மத்திய அரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி., பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வு எழுத வேண்டும், அதற்கும் ஏதாவது ஒரு பட்டம்தான். ஆக, "இந்தப் படிப்பு இல்லாமல் போலீஸ் வேலைக்குப் போக முடியாது" என்று அப்பாவிடம் சொன்னது சுத்தப் பொய். பட்டமே இல்லாத டிப்ளமோவோடு நின்றால் எஸ்.ஐ. தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்பதுதான் நிலைமை.

தடயவியல் ஆய்வகம் இன்னும் தூரம். மத்திய தடயவியல் ஆய்வகங்களுக்கு யு.பி.எஸ்.சி. வெளியிடும் அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள். வேதியியல், இயற்பியல், உயிரியல் பக்கம் முதுகலை கேட்பார்கள். தடயவியலில் முதுகலை இருந்தாலும், இளநிலையில் வேதியியல் போன்ற பாடத்தை மூன்று ஆண்டும் படித்திருக்க வேண்டும் என்று பல அறிவிப்புகளில் நிபந்தனை இருக்கிறது. நான் ப்ளஸ் டூவில் வணிகவியல் குரூப். என் வகுப்பில் பாதிப்பேர் அப்படித்தான். எங்கள் எல்லோரிடமும் "நீங்க லேப்ல உக்காரப் போற ஆளுங்க" என்றே கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அரசு வழக்கறிஞர் படத்துக்கு எப்படித் துணிந்தார்கள் என்று இன்னும் புரியவில்லை. சட்டப் பட்டம் வேண்டும், பார் கவுன்சிலில் பதிவு வேண்டும், வழக்கறிஞராகப் பணியாற்றிய அனுபவமும் வேண்டும். செஷன்ஸ் நீதிமன்றத்தில் வாதாடும் அரசு வழக்கறிஞருக்கு ஏழு ஆண்டுக்குக் குறையாத அனுபவம் என்று அதே சுரக்ஷா சன்ஹிதாவே சொல்கிறது. எங்கள் படிப்பை முடித்துவிட்டு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

அப்புறம் துப்பறிவாளர். "கவர்ன்மென்ட் லைசென்ஸ் வாங்கித் தருவோம்" என்றார்கள். தனியார் துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007-ல் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. 2005-ல் வந்த தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டம் செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கானது. துப்பறிவாளர் லைசென்ஸ் என்று தர அரசிடம் ஒரு சட்டமே கிடையாது. இல்லாததை எப்படி வாங்கித் தருவார்கள்?

வகுப்புக்கு வருவோம். ஸ்பைரல் போட்ட நோட்ஸ் ஒன்று கொடுத்தார்கள், அதற்குத் தனிப் பணம். கொலைக்கு 302, ஏமாற்றுக்கு 420, எஃப்.ஐ.ஆருக்கு 154, மின்னணுச் சான்றுக்கு 65பி என்றே முழுக்க இருந்தது. புதிய சட்டம் வந்ததைச் சொல்லித்தான் எங்களை உள்ளே இழுத்தார்கள், உள்ளே போனால் பாடம் பழைய சட்டம். கொலை இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. ஏமாற்று 318. எஃப்.ஐ.ஆர். பதிவு சுரக்ஷா சன்ஹிதாவில் 173. 65பி இருந்த இடத்தில் சாட்சிய சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63 வந்துவிட்டது. மின்னணு ஆவணத்தோடு தர வேண்டிய சான்றுக்கு இரண்டு பகுதி கொண்ட படிவமே சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது, அதில் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) எழுத வேண்டும். இதை ஒருத்தி எழுந்து கேட்டபோது, "பழைய கேஸெல்லாம் பழைய செக்‌ஷன்லதான்மா நடக்கும், ரெண்டும் தெரிஞ்சிருக்கணும்" என்றார் சார். அவர் சொன்னது சரிதான். 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். ஆனால் எங்களுக்கு அந்த இரண்டில் ஒன்றுதான் வந்தது.

'அதிநவீன தடயவியல் ஆய்வகம்' என்பது பூட்டியே கிடந்த ஓர் அறை. திறந்த நாளில் உள்ளே இருந்தது ஒரு நீள மேசை, கறுப்புப் பொடி ஒரு டப்பா, முடி கொட்டிப்போன ஒரு பிரஷ், செலோ டேப், சில கண்ணாடித் துண்டுகள். கண்ணாடியில் விரலை வைத்து, பொடி தூவி, டேப்பில் எடுத்து அட்டையில் ஒட்டினோம். ஓரத்தில் ஒரு மைக்ரோஸ்கோப் இருந்தது, அதைத் தொடக் கூடாது. முக்கால்வாசி ரேகை பொடி அப்பி ஒரே கறுப்பாக வந்தது. ஏன் அப்படி வருகிறது, எவ்வளவு தூவ வேண்டும் என்று சொல்லித் தர ஆளில்லை, மேற்பார்வைக்கு வந்தவர் கணக்குப்பிள்ளை. அந்த அட்டையைப் பிடித்தபடி ஒவ்வொருவரையும் போட்டோ எடுத்தார்கள். அடுத்த வாரம் அது விளம்பரமாக வந்தது. 'காவல் நிலைய இன்டர்ன்ஷிப்'பும் இதே கதைதான். ஸ்டேஷன் வாசலில் வரிசையாக நின்று ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டோம், உள்ளே போகவில்லை.

எனக்கு உண்மையில் பயம் வந்தது அடையாள அட்டையைப் பார்த்தபோதுதான். நீல நாடா, நடுவில் நான்முகச் சிங்கம், 'கிரைம் இன்வெஸ்டிகேஷன்' என்று பெரிய எழுத்தில், 'மாணவர்' என்பது லென்ஸ் வைத்துத் தேடும் அளவில். எங்கள் வகுப்புப் பையன்கள் சிலர் வண்டியை நிறுத்திய டிராஃபிக் போலீஸிடமே அதைக் காட்டியிருக்கிறார்கள். விளையாட்டில்லை. அரசுச் சின்னத்தை இப்படிப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. அரசு ஊழியர் என்று நடித்தால் நியாய சன்ஹிதாவின் 204, அப்படி நம்ப வைக்கும் அடையாளத்தை வைத்துக்கொண்டு திரிந்தால் 205. போலீஸ் வேலைக்குப் போக ஆசைப்பட்டு வந்த பிள்ளைகளின் கையில் இதைக் கொடுக்கிறார்கள். ஒரு வழக்குப் பதிவானால் பின்னாளில் எந்தக் காவல் தேர்விலும் முன்வரலாறு சரிபார்ப்பில் அது வந்து நிற்கும்.

குட்டு வெளிப்பட்டது சீனியர் அக்கா ஒருவர் எஸ்.ஐ. தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போனபோது. பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்ட இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அலுவலகத்தில் போய்க் கேட்டிருக்கிறார். "ஏதாவது ஒரு டிகிரி கரஸ்ல போட்டுக்கோ, அதையும் நாங்களே ஏற்பாடு பண்றோம்" என்று இன்னொரு தொகை சொன்னார்களாம். அவர் தன் சான்றிதழை எங்களிடம் காட்டினார். தங்கநிறக் கரை, ஹாலோகிராம், 'அரசுப் பதிவு பெற்றது' என்ற முத்திரை. அந்தப் பதிவு எண் எம்.எஸ்.எம்.இ. பதிவு எண். யார் வேண்டுமானாலும் சிறுதொழில் என்று ஆன்லைனில் போட்டுக்கொள்ளும் உத்யம் பதிவு. பக்கத்தில் ஐ.எஸ்.ஓ. முத்திரை, அறக்கட்டளைப் பதிவு எண், தொண்டு நிறுவனங்கள் பதிந்துகொள்ளும் நிதி ஆயோக் தர்பண் எண். எல்லாமே அசல் எண்கள்தான். எதற்கும் படிப்பின் அங்கீகாரத்துக்கும் சம்பந்தம் இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சட்டம் 1956-ன் 22-வது பிரிவுப்படி பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. டிப்ளமோ பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. அந்த ஓட்டையில்தான் இவர்கள் புகுந்துகொள்கிறார்கள். பேச்சில் "டிகிரிக்குச் சமம்", காகிதத்தில் 'அட்வான்ஸ்டு டிப்ளமோ'.

விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்ததும், சேரும்போது வாங்கி வைத்திருந்த மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் மூன்றாம் ஆண்டுப் பணமும் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது, விலகுகிறவருக்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018 அறிவிப்பில் தெளிவாக இருக்கிறது. அதைக் காட்டினால், "நாங்க காலேஜ் கிடையாது, டிரெய்னிங் சென்டர், யு.ஜி.சி. ரூல் எங்களுக்குப் பொருந்தாது" என்று பதில் வந்தது. சரி, நுகர்வோர் நீதிமன்றம் போகிறோம் என்றால், "நாங்க கல்வி நிறுவனம், அங்க கேஸ் நிக்காது" என்கிறார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் கொடுத்த ஒரு தீர்ப்பை மனதில் வைத்துத்தான் அப்படிச் சொன்னார்கள். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்று அதில் இருக்கிறது. கோச்சிங் சென்டர்களுக்கு அந்த விலக்கு இல்லை என்றும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. "நாங்கள் பயிற்சி மையம்" என்று அவர்கள் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதம் இப்போது எங்கள் புகாரோடு இணைந்திருக்கிறது. சான்றிதழ்கள் அப்பா காவல் நிலையத்தில் மனு கொடுத்த பிறகு கைக்கு வந்தன. பணம் இன்னும் வரவில்லை.

இதே சிக்கலில் இருப்பவர்கள் பேச்சை எல்லாம் எழுத்தாக்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னதை வாட்ஸ்அப்பில் "நீங்கள் சொன்னபடி எஸ்.ஐ. தேர்வுக்கு இது செல்லும்தானே?" என்று திருப்பிக் கேளுங்கள், பதில் வந்தால் அதுவே சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கோச்சிங் நிறுவனங்கள் வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறி வெளியிட்டிருக்கிறது. அந்த விளம்பரத்தைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.

பாடத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. குற்றவியல் நல்ல படிப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதற்குத் துறை இருக்கிறது, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்கும் குற்ற நீதிக்கும் தனித் துறை உண்டு. தடயவியலுக்கென்றே 2020-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசியத் தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகம் வந்திருக்கிறது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் குற்றவியல், தடயவியல் இரண்டும் தனித்தனிப் பாடங்கள். முறையாகப் படித்தவர்கள் சிறைவாசிகள் நலன், குழந்தைகள் பாதுகாப்பு, பாதிக்கப்பட்டோர் உதவி, வங்கிகளில் மோசடித் தடுப்பு, ஆராய்ச்சி, ஆசிரியப் பணி என்று போகிறார்கள். அந்த வேலைகளில் எதுவும் எங்கள் ப்ராஸ்பெக்டஸில் இல்லை. காக்கி போல அவை விலை போகாது போலிருக்கிறது.

எனவே கல்லூரி வாசலுக்குப் போவதற்கு முன், போக நினைக்கும் வேலையின் கடைசி அறிவிப்பைத் தேர்வாணைய இணையதளத்திலிருந்து இறக்கி, கல்வித் தகுதிப் பகுதியை ஒரு முறை வாசியுங்கள். பிறகு "பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்?" என்று கேளுங்கள். பதிலில் வந்த பெயரை யு.ஜி.சி. பட்டியலில் தேடுங்கள், தொலைநிலைப் படிப்பு என்றால் அந்த ஆண்டு அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் பாருங்கள். அசல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது.

கடைசியாகக் கேள்விப்பட்டது: நான் படித்த இடத்தில் பலகையை மாற்றிவிட்டார்கள். இப்போது அது 'சைபர் ஃபோரன்சிக்ஸ் அண்டு ஏ.ஐ. அகாடமி'. நோட்டீஸில் பூதக்கண்ணாடி போய் முகமூடி ஹேக்கர் வந்திருக்கிறார். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் எம்.எஸ்.எம்.இ. எண் மட்டும் பழைய எண்.