ரேவன்–ட்ரீமரா, டாஸ்–சாபுவா: முதலில் எது?

பிலடெல்பியாவின் பழைய பிங்கோ கூடத்தில் வளர்ந்த இசிடபிள்யூ (எக்ஸ்ட்ரீம் சாம்பியன்ஷிப் ரெஸ்லிங்) நிறுவனத்தின் மல்யுத்தத்துக்குப் புதியவர்கள், கதையாக நடத்தப்பட்ட இந்த இரண்டு வீரர் பகைகளில் எதை முதலில் பார்ப்பது என்றுதான் தடுமாறுகிறார்கள்.

நேரம்:
ரேவன்–டாமி ட்ரீமர்: 1995இல் தொடங்கி 1997 ஜூன் வரை நீளும், பொறுமை வேண்டும்.
டாஸ்–சாபு: ஒரே ஆட்டம் போதும். 1997 ஏப்ரல் 13, 'பேர்லி லீகல்', நிறுவனத்தின் முதல் கட்டண ஒளிபரப்பு.

கதை:
ரேவன்–ட்ரீமர்: சிறுவயதுக் கோடை முகாமில் முளைத்த வன்மம் என்று கதை. ட்ரீமர் தோற்கிறார், மறுபடியும் தோற்கிறார். நாற்காலியால் அடிபட்டு நெற்றி கிழிந்தும் எழுந்து வருகிறார். ரேவன் நிறுவனத்திலிருந்து விடைபெறும் கடைசி ஆட்டத்தில்தான் ட்ரீமர் அவரை வீழ்த்துகிறார். அந்த நொடியில் அரங்கம் எழுப்பும் சத்தத்துக்காகவே முழுவதையும் பார்க்கலாம்.
டாஸ்–சாபு: ஓராண்டுக்கும் மேலாக டாஸ் சவால் விட, சாபு பதில் பேசவில்லை. அவ்வளவுதான் கதை.

ஆட்டத்திறன்:
இதில் டாஸ்–சாபு ஒரு படி மேல். சாபு நாற்காலியில் கால் ஊன்றிப் பறக்கிறார். டாஸ் ஜூடோ பாணியில் பின்னாலிருந்து கழுத்தை இறுக்குகிறார். அந்தப் பிடியில்தான் வெல்கிறார்.

ஒரு மாலைதான் இருக்கிறதென்றால் டாஸ்–சாபு. கதைக்காகப் பார்ப்பவர்களுக்கு ரேவன்–ட்ரீமர்; என் தேர்வும் அதுவே.