செகண்ட் கியர்ல ஏற மாட்டேங்குது, ஆனா இறங்குறப்ப இதுமாதிரி வண்டி இல்ல: என் மேனுவல் எஸ்யூவி அனுபவம்

2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி குறைச்சாங்க இல்லையா, 4 மீட்டருக்குள்ள நீளம், 1200 சிசிக்குள்ள பெட்ரோல் இன்ஜின்னா 28 சதவீதம், அதுக்கு மேல செஸ்ஸுன்னு இருந்தது மொத்தமா 18க்கு வந்துச்சு, அன்னைல இருந்து என் மச்சினன் என்னை விடறதே இல்ல. "மாமா, நீங்க வச்சிருக்கற வண்டியே இப்ப விலை இறங்கியிருக்கு, மேனுவல் எடுக்கட்டுமா ஆட்டோமேட்டிக் எடுக்கட்டுமா"ன்னு ஒரே கேள்வி. போன்ல ரெண்டு வார்த்தைல சொல்லி முடிக்கற விஷயம் இல்ல இது. அதுவும் இப்பதான் கிளட்ச் செட் மாத்தி பில்லு கட்டிட்டு வந்திருக்கேன், அந்தச் சூடு இன்னும் ஆறல. அவனுக்கு மட்டும் சொல்றதுக்கு பதிலா எல்லாருக்குமா எழுதிடறேன், மலைப்பாதைல தினமும் ஓட்டறவங்களுக்கு உதவும்.

என்னோடது 2021 மாடல். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், மூணு சிலிண்டர், ஆறு கியர் மேனுவல். வீடு சேலம் அஸ்தம்பட்டி பக்கம், வேலை ஏற்காட்டுல. அதனால காலைல கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி அடிவாரம் செக்போஸ்ட், அப்புறம் 20 கொண்டை ஊசி ஏத்தம். சாயங்காலம் அதே 20 இறக்கம். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்துல இருக்கு, ஏற்காடு 1500 மீட்டர். இந்த வித்தியாசத்தை தினமும் ஏறி இறங்கற வண்டியப் பத்தின அனுபவம் இது. டச் ஸ்கிரீன், சன்ரூஃப், பூட்ல எத்தன பெட்டி வைக்கலாம் இதெல்லாம் யூடியூப்ல ஆயிரம் பேரு சொல்லிட்டாங்க, நான் அதுக்குள்ள போகல.

நான் சொல்ல வர்றது ஒரே ஒரு விஷயம். ஃபர்ஸ்ட் கியருக்கும் செகண்ட் கியருக்கும் நடுவுல இருக்கற இடைவெளி.

கொண்டை ஊசி வளைவுக்குள்ள போறப்ப வேகம் 12, 15 கிலோமீட்டருக்கு இறங்கிடும், அதுவும் மேல இருந்து பஸ் வந்தா அதை விட கம்மி. அந்த வேகத்துல செகண்ட்ல இருந்தா இன்ஜின் 1200 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 1200 சுத்து) கிட்ட சுத்தும். டர்போ அங்க வேலையே செய்யாது. டர்போங்கறது புகை போற வேகத்துல சுத்தற சின்ன காத்தாடி, இன்ஜின் மெதுவா சுத்துனா புகையும் கம்மி, காத்தாடியும் சுத்தாது, அப்ப உங்ககிட்ட இருக்கறது வெறும் 1.2 லிட்டர் மூணு சிலிண்டர் இன்ஜின், அது இழுக்க வேண்டியது ஒரு டன்னுக்கு மேல வண்டி, உள்ள நாலு பேரு, ஏசி கம்ப்ரசர் வேற. ஆக்சிலேட்டரை தரை வரைக்கும் மிதிச்சாலும் வண்டி திணறும், கட கடன்னு உதறும், மிதிக்கறத நிறுத்தலைன்னா ஆஃப் ஆயிடும். சரி ஃபர்ஸ்ட் போடலாம்னா, வண்டி உருண்டுட்டு இருக்கறப்ப ஃபர்ஸ்ட் லேசுல விழாது, லீவர் முரண்டு பிடிக்கும், கிட்டத்தட்ட நின்னாதான் விழும், விழுந்தா தலை முன்னாடி ஆடற மாதிரி ஒரு வெட்டு. வளைவு முடிஞ்சு 20 கிலோமீட்டர் வேகத்தை தொடறதுக்குள்ள இன்ஜின் மூவாயிரத்துல கத்தும். திருப்பி செகண்ட் போட்டா மறுபடியும் கீழ விழுந்து திணறல். இதுதான் இடைவெளி. ரெண்டு கியருக்கும் நடுவுல ஒரு கியர் வேணும்ங்கற நிலைமை, அது இந்த வண்டில இல்ல.

அப்ப என்ன பண்றோம்? ஹாஃப் கிளட்ச். செகண்ட்லயே வச்சு, கிளட்சை பாதி மிதிச்சு, ரேஸ் குடுத்து ஆர்பிஎம்மை ரெண்டாயிரத்துக்கு ஏத்தி, டர்போ பிடிச்சதும் கிளட்சை விடறது. இது ஒரு வளைவுக்கு ரெண்டு செகண்ட் வேலைதான். ஆனா 20 வளைவு, தினமும், வருஷக்கணக்குல. கிளட்ச் பிளேட் தேயாம என்ன பண்ணும்.

இதுல மழைக்காலம் தனி வேதனை. வளைவோட உள் ஓரம்தான் செங்குத்து அதிகம், ஈரத்துல ஃபர்ஸ்ட்ல ஏறுனா உள் பக்க முன்சக்கரம் வழுக்கும், உடனே டிராக்‌ஷன் கண்ட்ரோல் குறுக்க வந்து பவரை வெட்டிடும், பவர் தேவைப்படற அதே இடத்துல. வெளி ஓரம் எடுத்தா சரிவு கம்மி, அழகா ஏறிடலாம், ஆனா இறங்கற பஸ்ஸுக்கு அந்த இடம் வேணும், அவரு வேற எங்க திருப்புவாரு. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழைல மலைப்பாதைல மண் சரிஞ்சு போக்குவரத்தே நின்னுச்சு, ரோடு திறந்தப்புறம் பாதி ரோடு மணல் மூட்டை, பாதி ரோடுல வண்டிங்க ஊர்ந்து போறது, அந்த வாரங்கள்ல என் இடது முழங்கால் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சனி ஞாயிறுல டூரிஸ்ட் வண்டிக்காரங்க வளைவுலயே நிறுத்தி குரங்குக்கு பிஸ்கட் போடறாங்க, குரங்குக்கு தீனி போடாதீங்கன்னு வனத்துறை எழுதி வச்சிருக்கற போர்டு பக்கத்துலயே. பின்னாடி வர்ற நம்ம வண்டி ஏத்தத்துல நின்னு கிளம்பணும். ஏத்தத்துல வண்டி பின்னாடி உருளாம பிரேக்கை தானா பிடிச்சு வைக்கற ஹில் ஹோல்ட் ரெண்டு செகண்ட் பிடிக்கும், அதுக்குள்ள கிளம்பிடணும், நல்ல விஷயம்தான், ஆனா திரும்பவும் தேயறது அதே கிளட்ச்.

சர்வீஸ் சென்டர் கதைக்கு வர்றேன். பெடல் மேல மேல வந்துச்சு, பிடிக்கற இடம் கிட்டத்தட்ட உச்சத்துக்கு போயிடுச்சு. அப்புறம் தேர்டுல ஏத்தத்துல மிதிச்சா ஆர்பிஎம் ஏறுது, வேகம் ஏறல. கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு அதுக்கு மேல யாரும் சொல்ல வேண்டியதில்ல. விட்டேன். அட்வைசர் பாத்துட்டு "சார், நீங்க ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டறீங்க, அதான் போயிடுச்சு, கிளட்ச் தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது"ன்னாரு. வாரண்டி இல்லைங்கறது சரி, பிரேக் பேட், கிளட்ச் பிளேட் எல்லாம் தேயற சாமான்தான், பொதுவா கம்பெனிங்க தர்றதில்ல, அதுல எனக்குச் சண்டை இல்ல. ஆனா நான் ஓட்டத் தெரியாம ஓட்டி கெடுத்த மாதிரி பேசறது எனக்கு ஏத்துக்க முடியல. செகண்ட் கியர் அந்த வேகத்துல இழுக்காதப்ப வேற எதுல ஓட்டறதுன்னு கேட்டேன். "வேகமா திருப்புங்க சார்"னு பதில் வந்துச்சு. மலைப்பாதைல, கண்ணு தெரியாத வளைவுல, வேகமா! அந்த மனுஷன் ஒரு தடவையாவது அடிவாரம் தாண்டி போயிருப்பாரான்னு எனக்கு சந்தேகம்.

பழைய சாமானை குடுங்கன்னு கேட்டு வாங்கிப் பாத்தேன். நீங்களும் கேளுங்க, அது உங்க சொத்து. பிளேட்டு ரிவெட்டு மட்டத்துக்கு தேஞ்சிருந்துச்சு. பிளேட்டு உரசற பிளைவீல்ல நீலம் பாஞ்ச திட்டு திட்டா சூட்டுத் தடம். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், லேபர் எல்லாம் சேத்து இருபதாயிரத்தை தாண்டிடுச்சு.

நியாயமா ஒண்ணு சொல்லணும். இந்த கிளட்ச் அம்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல வந்துச்சு. ஏற்காட்டுல டாக்ஸி ஓட்டற அண்ணங்க கிட்ட சொன்னப்ப "இந்த ரோட்டுல அது நல்ல ஓட்டம்தாங்க"ன்னாங்க. அவங்க சொன்னா ஒத்துக்கறேன். சாமான் தரம் மோசமில்ல, கியர் ரேஷியோ வச்ச விதம்தான் மோசம். ஹைவேல மைலேஜ் நல்லா வரணும்னு கியரை நீளமா வச்சிடறாங்க, மலைல இருக்கறவன் அதுக்கு கிளட்ச் பிளேட்டா பணம் கட்டறான். இதுக்கு முன்னாடி வச்சிருந்த டர்போ இல்லாத 1.2 பெட்ரோல் சின்ன காரு, காகிதத்துல இதை விட எவ்வளவோ பவர் கம்மி, அது இதே வளைவுல செகண்ட்லயே மெதுவா முனகிட்டே ஏறிடும். ப்ரோஷர்ல டார்க் (இழுவை சக்தி) நம்பரை பெருசா போட்டிருப்பாங்க, அது எத்தனாவது ஆர்பிஎம்ல இருந்து கிடைக்கும்னு பக்கத்துல சின்னதா போட்டிருப்பாங்க. அந்தச் சின்ன நம்பர்தான் மலைக்காரனுக்கு முக்கியம்.

இப்ப சாயங்காலத்துக்கு வருவோம். இறக்கம்.

இதை எப்படி சொல்றதுன்னு தெரியல, இந்த வண்டி இறங்கறப்ப எனக்கு அவ்வளவு பிடிக்கும். செகண்ட்ல போட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா போதும், வண்டி தானா 20, 25ல பிடிச்சுக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்னாடி லேசா தொட்டா சரி. ஏறுறப்ப எந்த இன்ஜின் என்னைக் கஷ்டப்படுத்துச்சோ, அதே இன்ஜின் இறங்கறப்ப வண்டிய கைல பிடிச்சு கூட்டிட்டு வர்ற மாதிரி கூட்டிட்டு வரும். கியர்ல இருக்கறப்ப ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா இன்ஜெக்டர் பெட்ரோலை மொத்தமா நிறுத்திடும், சக்கரம்தான் இன்ஜினை சுத்துது, அதனால அந்த இறக்கத்துல பெரும்பகுதிக்கு பெட்ரோலே செலவாகாது. நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்னு இன்னும் நம்பறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க, நியூட்ரல்ல இன்ஜின் ஓட பெட்ரோலும் போகும், வண்டிய பிடிக்க பிரேக்கைத் தவிர எதுவும் இருக்காது.

சனிக்கிழமை சாயங்காலம் அடிவாரத்துக்கு வந்து பாருங்க, இறங்கி வந்து நிக்கற வண்டிங்ககிட்ட பிரேக் கருகுற வாசனை அடிக்கும். மேல இருந்து கீழ வரைக்கும் பிரேக்லயே வந்திருப்பாங்க. டாட் 4 பிரேக் ஆயில் புதுசா இருக்கறப்ப கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி, ஈரத்தை உறிஞ்சிட்டா அதுக்கான வரம்பே 155 டிகிரிதான். ஆயில் கொதிச்சு ஆவி ஆச்சுன்னா பெடல் அப்படியே உள்ள போயிடும், பிடிக்காது. அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயிலை மாத்திடுங்க, கலரு நல்லாத்தானே இருக்குன்னு விடாதீங்க. என் வண்டில முன் பிரேக் பேட் இன்னும் பாதிக்கு மேல இருக்கு, மெக்கானிக்கே ஆச்சரியப்பட்டாரு. கிளட்சை தின்னுச்சு, பிரேக்கை காப்பாத்துச்சு.

மத்ததெல்லாம் சுருக்கமா. ஏ பில்லர் (முன் கண்ணாடி ஓரத்துல இருக்கற தூண்) தடியா இருக்கு, வலது பக்கம் திரும்பற கொண்டை ஊசில மேல இருந்து வர்ற பைக்கு மொத்தமா மறைஞ்சிடும், தலையை முன்னாடி நீட்டி எட்டிப் பாத்துட்டுதான் திருப்பணும், ஹார்ன் கட்டாயம். மலை ஏறி இறங்கி சராசரி மைலேஜ் 13, 14. கிரவுண்ட் கிளியரன்ஸ் அருமை, எஸ்டேட் ரோட்டுல காப்பித் தோட்டத்துக்குள்ள போறப்ப அடி தட்டுனதே இல்ல. கோடை விழா சமயத்துல குப்பனூர் வழியா இறக்கி விடுவாங்க, அந்த ரோட்டுலயும் சஸ்பென்ஷன் குறை சொல்ல முடியாது. ஏசி நல்லா இருக்கு.

சரி, மச்சினனுக்கு பதில். அவன் இருக்கறது சென்னைல, தினமும் ஓஎம்ஆர். டேய், உனக்கு மேனுவல் வேணாம். மலைல எனக்கு 20 இடம்னா உனக்கு சிக்னலுக்கு சிக்னல் அந்த இடைவெளிதான், 10 கிலோமீட்டர் வேகத்துல ஊர்றப்ப இதே திணறல்தான் வரும். ஆட்டோமேட்டிக்லயும் ஏஎம்டி எடுக்காத, அதுக்குள்ள இருக்கறதும் இதே மாதிரி கிளட்ச்தான், நம்ம காலுக்கு பதிலா ஒரு மோட்டார் மிதிக்குது, அவ்வளவுதான் வித்தியாசம். டார்க் கன்வர்ட்டர், அதாவது கிளட்ச் பிளேட்டுக்கு பதிலா ஆயில் மூலமா பவரை கடத்தற ஆட்டோமேட்டிக், கிடைச்சா எடு, காசு கூட ஆனாலும் எடு.

ஏற்காட்டுக்கு தினமும் ஓட்டறவங்க கேட்டா? இறக்கத்தைப் பத்தி மேல எழுதுனதெல்லாம் உண்மை, ஒரு வார்த்தை மாத்த மாட்டேன், நான் இந்த வண்டிய விக்கவும் போறதில்ல. ஆனா இன்னைக்கு தேதில என்கிட்ட கேட்டீங்கன்னா, எடுக்காதீங்கன்னுதான் சொல்வேன். இறங்கறப்ப சந்தோஷம் தர்ற வண்டி நிறைய இருக்கலாம், காலைல அவசரமா வேலைக்கு போறவனுக்கு முதல்ல ஏறணும்.

அப்படியும் எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா டெஸ்ட் டிரைவை பைபாஸ்ல பண்ணாதீங்க, அங்க எல்லா டர்போவும் பறக்கும். நாலு பேரை ஏத்திக்கங்க, ஏசியைப் போடுங்க, ஏதாவது ஏத்தத்துல செகண்ட்ல 12 கிலோமீட்டருக்கு இறக்கி, கிளட்சைத் தொடாம ஆக்சிலேட்டர் மட்டும் குடுத்துப் பாருங்க. மலைக்கு வண்டி தர மாட்டோம்னு ஷோரூம்ல சொன்னா அடுத்த ஷோரூமுக்கு போயிடுங்க.