குட்டி நத்தை ஓடு பார்க்க 10எக்ஸ் லென்ஸ்: வாங்கலாமா?

சென்னைக் கடற்கரை மணலில் ஒரு சென்டிமீட்டர் அளவில் பளபளப்பாகக் கிடக்குமே, அந்தத் தட்டையான நத்தை ஓடுகளை அடையாளம் காணத்தான் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் இந்த மடக்கு லென்ஸை ஆன்லைனில் வாங்கினேன். காசுக்குச் சரியான பொருள்.

நிறத்தை நம்பி எதையும் சொல்ல முடியாது, அம்போனியம் வெஸ்டியேரியம் என்ற ஒரே இனத்தில் சாம்பல், இளஞ்சிவப்பு, வரி, புள்ளி எல்லாம் வரும், அதனால் ஓட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். நடுக்குழியை மூடி வழவழப்பாக ஒரு மேடு இருந்தால் பெரும்பாலும் அம்போனியம்தான். குழி திறந்திருந்து, வாய் அரைவட்டமாக இருந்தால் நாட்டிகா (சிப்பியைத் துளைத்துத் தின்னும் கடல் நத்தை) வகையின் குஞ்சாக இருக்கலாம், பக்கத்திலேயே வட்டமாகத் துளை போட்ட சிப்பி கிடந்தால் அது அந்த வகையின் வேலையாகக்கூட இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்த மேட்டின் விளிம்பு இதில் துல்லியமாகத் தெரிகிறது.

குறை என்றால், விளிம்பில் லேசாக நிறம் பிரிகிறது, திருகாணியும் லூஸ். அப்புறம், லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து நத்தை ஓட்டை இரண்டரை சென்டிமீட்டர் கிட்டே கொண்டுவாருங்கள். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டார் போடாதீர்கள்!